பட்டியலில் எனக்கு மேலே இருந்தவன்

விமானி ஆக வேண்டும் என்ற ஆசை எனக்குத் தானாக வந்ததில்லை. அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது. மன்னார்குடியில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தோம். பத்தாம் வகுப்பில் ஒருநாள் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர், கலெக்டர், இன்ஜினியர் என்று பதில்கள் வந்தன. அவன் எழுந்து, "பைலட் சார்" என்றான். வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. எனக்கும் அப்படி ஒருமுறை எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. என் முறை வந்தபோது நானும் "பைலட்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் அத்தாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. மாமாக்கள் இரண்டு பேர் துபாயில் இருந்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் வேலை செய்து, பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைத்தவர்கள். பள்ளி முடிந்ததும் அவன் வெளிநாட்டுக்குப் போய் விமானம் ஓட்டப் படித்தான். நான் இன்ஜினியரிங் முடித்து, அரசு உதவித்தொகைக்கு அலைந்து, அது கிடைத்து, பயிற்சிப் பள்ளியில் இடத்துக்குக் காத்திருந்து, ஒருவழியாக உரிமம் வாங்கினேன். அதற்குள் அவன் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு சின்னக் கம்பெனியில்தான் வேலை கிடைத்தது.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா தவறாமல் கேட்பார்.

"கடத்தெரு பாய் மகன் நேத்து துபாய்க்கு ஓட்டிட்டுப் போனானாம்ல. நீ எப்பப்பா போவ?"

"எங்க கம்பெனி அங்கல்லாம் போகாதும்மா."

"அதான் கேக்குறேன். ஏன் போகாது?"

அம்மாவுக்கு அதில் கபடு எதுவும் கிடையாது. எனக்குத்தான் சோறு இறங்காது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவனை முந்தினேன். சின்னக் கம்பெனி என்பதால் எங்களுக்குக் கேப்டன்கள் பற்றாக்குறை. அவன் கோ-பைலட்டாகவே இருந்த காலத்தில், ஆறு மாதம் முன்னதாக நான் கேப்டன் ஆனேன். தோளில் நான்காவது பட்டையோடு எடுத்த படத்தை முதல் வேலையாக அவனுக்குத்தான் அனுப்பினேன். "வாழ்த்துகள் மாப்ள" என்று பதில் வந்தது. அந்த இரண்டு சொல்லை அன்றைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதற்குள் ஏதாவது எரிச்சல் இருக்கிறதா என்று தேடினேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிறகு இரண்டு கம்பெனிகளையும் ஒன்றாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அவன் கம்பெனி என் கம்பெனியை எடுத்துக்கொண்டது என்பதுதான் உண்மை. பேச்சுக்கு இணைப்பு என்றார்கள்.

விமானிகளின் பிழைப்பில் மூப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. யாருக்குப் பெரிய விமானம், யாருக்கு எந்த ஊர், யாருக்குக் கேட்ட நாளில் விடுமுறை என்று எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் இருக்கும் இடம்தான் முடிவு செய்யும். இரண்டு கம்பெனி ஒன்றானால் இரண்டு பட்டியலும் ஒன்றாக வேண்டும். வேலையில் சேர்ந்த தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள் என்றார்கள் அவன் கம்பெனி விமானிகள். கேப்டன் ஆன தேதியை வையுங்கள் என்றோம் நாங்கள். அவர்கள் சொன்னபடி நடந்தால் அவன் எனக்கு மேலே போவான். நாங்கள் சொன்னபடி நடந்தால் நான் அவனுக்கு மேலே. என் வாழ்க்கையில் அவனை முந்தியிருந்த ஒரே இடத்தையும் ஒரு காகிதம் வந்து பிடுங்கப் பார்க்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் தரப்புப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஆள் கேட்டபோது நானே கை தூக்கினேன். சக விமானிகளின் நலனுக்காக என்று சொன்னேன். சென்னையில் ஒரு ஹோட்டலில் முதல் கூட்டம். மேசைக்கு எதிர்ப்பக்கம் அவனும் உட்கார்ந்திருந்தான்.

"வேலைக்குச் சேர்ந்த தேதிய யாராலயும் மாத்த முடியாது. அதான் நியாயமான கணக்கு" என்றான் அவன்.

"இருநூறு பேர் உயிர யாரு மொதல்ல தோள்ல ஏத்துனாங்களோ அவங்கதான் சீனியர்" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்ததை நானே கவனித்தேன்.

மூன்று கூட்டம் இப்படியே போயிற்று. நிர்வாகம் புதிய ஒப்பந்தத்தின் வரைவை இரண்டு தரப்புக்கும் தனித்தனியாகக் கொடுத்திருந்தது. நாங்கள் அதில் மூப்புப் பட்டியல் பற்றிய பக்கத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தோம். மிச்சத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது கூட்டம் முடிந்த மறுநாள் காலை திருச்சிக்குப் போகும் விமானத்தில் பயணியாக ஏறினேன். அவனும் அதில் இருந்தான். இருவருக்கும் இரண்டு நாள் விடுமுறை. திருச்சியில் இறங்கியதும் அவனே கேட்டான்.

"என் கார் இங்கதான் நிக்குது. மன்னார்குடி வரைக்கும் வா மாப்ள. எதுக்குப் பஸ்ல போய்க்கிட்டு?"

மாட்டேன் என்றால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஏறிக்கொண்டேன். புதுக் கார். தோல் இருக்கை. நான் வாங்க நினைத்து, விசாரித்து, அப்புறம் பார்க்கலாம் என்று விட்ட அதே வண்டி, அதே நிறம். தஞ்சாவூர் வரும்வரை நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லா இருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

தஞ்சாவூர் தாண்டியதும் அவன் பேச்சு குறைந்தது. கூட்டத்துக்கு முந்தைய இரண்டு இரவும் வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியிருந்ததாக முன்னமே சொல்லியிருந்தான். சாலியமங்கலம் பிரியும் இடத்தை விட்டு வந்த சிறிது நேரத்தில் அவன் இமை ஒருமுறை மூடித் திறந்ததைப் பார்த்தேன். வடுவூருக்குச் சற்று முன்னால் இன்னொரு முறை. கொடுடா, நான் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் காரை ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. கேட்டால் அந்த ஆசை அவனுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

வடுவூர் தாண்டி மூன்றாவது முறை அவன் கண் மூடியது. திறக்கவில்லை. கார் சாலையை விட்டு இடப்பக்கம் ஒதுங்கியது. முன்னால் ஒரு புளியமரம். நான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். மரத்துக்கு ஒரு கை அளவு தள்ளி, கார் சரிவில் இறங்கி, நடவு முடிந்த சம்பா வயலுக்குள் போய் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது.

இருவருக்கும் அடி இல்லை. வயலில் நடவு மெஷின் விட்டுப்போன இடங்களில் நாற்று ஊன்றிக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். நான் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, வரப்புக்கு நடந்துவிட்டேன். அவன் ஷூவோடு இறங்கினான். முழங்கால் வரை புதைந்தான். காலை எடுத்தபோது ஷூ சேற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. அவன் தடுமாறி, இரண்டு கையையும் ஊன்றி விழுந்ததை வரப்பில் நின்று பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்துபோயிற்று. பிறகுதான் போய்க் கை கொடுத்தேன்.

"அடி கிடி பட்டுச்சா தம்பி?" என்றார் அவர்களில் மூத்தவர். என் அம்மா வயது இருக்கும்.

"இல்லம்மா. கண் அசந்துட்டேன். பயிரக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆள்விட்டுச் சரி பண்ணித் தந்துட்டுத்தான் போவேன்" என்றான் அவன்.

"அது கெடக்கட்டும். என்ன வேல பாக்குறீங்க ரெண்டு பேரும்?"

அவன் தயங்கினான். நான்தான் சொன்னேன். "ஏரோப்ளேன் ஓட்டுறோம்மா."

அந்த அம்மா காரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அதயாச்சும் தூங்காம ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு நாற்றுக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவன் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

காரை இழுக்க டிராக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் டீயைத் தொடவே இல்லை.

"அந்தம்மா சும்மா சொல்லல மாப்ள. முந்தா நாள் எறங்குறப்பவும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் தெரியல. கோ-பைலட் பொண்ணு கூப்புட்டுச்சு. அப்பறம்தான் முழிச்சேன்."

எனக்கும் அப்படி ஒருமுறை நடந்திருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னேன். எதற்காக அவனிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவன் பையிலிருந்து ஒப்பந்த வரைவை எடுத்தான். ஓய்வு நேரத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் பார்ப்போம் என்றான். நானும் என்னுடையதை எடுத்தேன். டீக்கடை பெஞ்சில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தோம். மூப்புப் பட்டியல் பற்றிய பக்கம் இரண்டிலும் வேறுவேறாக இருந்தது. அவன் பிரதியில் சேர்ந்த தேதி என்றும், என் பிரதியில் கேப்டன் ஆன தேதி 'முன்னுரிமையோடு பரிசீலிக்கப்படும்' என்றும் இருந்தது. எல்லாருக்கும் அவரவர் கேட்டதைக் காட்டியிருந்தார்கள். நாலு பக்கம் தள்ளி, அடுத்தடுத்து இரவில் பறந்தபின் தர வேண்டிய ஓய்வைத் தேவைப்பட்டால் நிர்வாகம் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பத்தி. அது மட்டும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது.

"நம்ம சண்ட போட்டுக்கிட்டே இதுல கையெழுத்துப் போட்டுருப்போம்" என்றான் அவன்.

"ஆமா" என்றேன்.

"நீ ஸ்டியரிங்கப் புடிக்கலன்னா நான் இல்லடா" என்றும் சொன்னான். முன்பே இரண்டு தடவை அவன் கண் மூடியதைப் பார்த்தேன் என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை, இதுவரைக்கும் சொல்லவில்லை.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்குப் போனதும் எங்கள் குழுவின் மூத்த கேப்டன் ஒருவர் போனில் கூப்பிட்டார். விபத்தைச் சொன்னேன்.

"அவரு தூங்கிட்டாரா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"புகாரா எழுதிக் குடுங்க. அவங்க பக்கம் பேசுற ஆளே அவருதான். அவர ஒதுக்கிட்டா பாதி வேல முடிஞ்சுது."

மறுநாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. எழுதி முடித்ததும் பல நாள் பசி அடங்கியது போல் இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டம் தொடங்கியதும் அவன் எழுந்தான். "பட்டியலப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி என்னப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றான். விபத்தைச் சொன்னான். தரையிறங்கும்போது ஒரு நிமிடம் நினைவு தப்பியதையும், அந்தக் கோ-பைலட் கூப்பிட்டு எழுப்பியதையும் ஒளிக்காமல் சொன்னான். என்னைக் காட்டி, "இவரு இல்லன்னா இன்னிக்கு இந்த நாற்காலி காலியா இருந்திருக்கும்" என்றான். பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தனக்கும் அப்படி நடந்ததாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்ன மூத்த கேப்டனே தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ரெண்டு தடவ" என்றார்.

எனக்கும் நடந்ததுதான். நானும் எழுந்து முதலில் சொல்லியிருக்கலாம். மறுபடி ஒருமுறை வகுப்பு முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. வேலையைப் பணயம் வைத்து உண்மையைச் சொல்கிறான், என் சட்டைப்பையில் புகார்க் கடிதம் இருக்கிறது, அப்போதும் என் நெஞ்சில் மேலே வந்தது பொறாமைதான். தேநீர் இடைவேளையில் கழிவறைக்குப் போய்க் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். திரும்பி வந்து, இரண்டு வரைவையும் எல்லார் முன்னாலும் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினேன். அந்த வேலையையாவது அவன் எனக்கு விட்டுவைத்திருந்தான்.

அதன்பிறகு இரண்டு குழுவும் நிர்வாகத்திடம் ஒன்றாகவே போயின. ஓய்வு நேரமும், வரைவில் இன்னொரு பக்கத்தில் இருந்த, விருப்பம் கேட்காமல் ஊர் மாற்றும் விதியும் முதலில் தீர வேண்டும், அதுவரை யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவானது. பட்டியலை வெளியாள் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதி, பார்த்துச் சொல்லட்டும், சொன்னதை இரு தரப்பும் ஏற்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டோம். விடுமுறை நாளில் கூடுதல் பணிக்குக் கூப்பிட்டால் ஒருவரும் போகவில்லை. சில வாரம் விறைப்பாக இருந்த நிர்வாகம் பிறகு இறங்கி வந்தது. ஓய்வைக் குறைக்கும் பத்தி ஒப்பந்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஊர் மாற்றத்தில் பாதிதான் கிடைத்தது.

இரண்டு தரப்பு விமானிகளும் இணைந்த சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுத்தபோது அவன் பெயரைச் சொன்னார்கள். எல்லாரும் கை தூக்கிய பிறகு நானும் தூக்கினேன்.

நீதிபதி கொடுத்த பட்டியல் ஒருநாள் மதியம் போனுக்கு வந்தது. இரண்டு தேதிகளையும் கலந்து ஏதோ ஒரு முறை வகுத்திருந்தார். முதலில் அவன் பெயரைத்தான் தேடினேன். எனக்கு ஏழு பெயர் மேலே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கோவமா?"

"இல்ல" என்றேன். பிறகு, "கொஞ்சம்" என்றேன்.

"நீ மொதல்ல கேப்டன் ஆனப்ப நான் ரெண்டு நாள் சாப்புடலடா. நீ அனுப்புன போட்டோவ அப்பவே அழிச்சுட்டேன்."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை எந்தப் பட்டியலும் கொடுத்திருக்காது.

என் மனைவிக்கு இதெல்லாம் புரிவதில்லை. "அவரு ஏழு பேருக்கு மேல இருந்தா உங்களுக்கு என்னங்க கொறையுது?" என்று கேட்டாள். ஒன்றும் குறையவில்லை என்றுதான் சொன்னேன்.

இந்த மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நாங்கள் இருவரும் ஒரே வாரத்துக்கு விடுப்புக் கேட்டிருந்தோம். அவனுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு மன்னார்குடியில் தெப்பக்குளத்துப் பக்கம் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். அன்று காலை எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தேன். "நல்லாருக்கு மாப்ள" என்று பதில் அனுப்பிவிட்டு அந்தப் படத்தை அழித்தேன்.