புழு தின்ற கோழியின் முட்டை

எங்கள் கொட்டகையின் முட்டைக் கோழிகளுக்கு நான் புழு கொடுக்கிறேன். இதை யாரிடமும் மறைத்ததில்லை.

சோயாப் புண்ணாக்கு விலை ஏறியபோது தீவனம் வாங்க அப்பா திணறினார். கருவாட்டுத் தூளைக் கூட்டிப் பார்த்தோம், முட்டையில் கவிச்சை அடித்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் விலங்கியல் படித்தேன். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலைக்குப் போவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் அங்குள்ள ஒரு கேன்டீனிலிருந்து மிச்சச் சோற்றை டிரம்மில் கொண்டுவந்தேன். கழிவைத் தின்று கொழுக்கும் ஒரு கறுப்பு ஈயின் புழுக்களை அதில் வளர்த்து, காயவைத்துப் பொடித்து, சோயாவைக் குறைத்துத் தீவனத்தில் கலந்தேன்.

முதல் தடவை தோற்றேன். சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று கேன்டீன் மிச்சம் முழுக்க உப்பு. கோழிகள் தண்ணீரை விட்டு நகரவில்லை. எச்சம் நீர்த்துப்போய் முட்டையெல்லாம் அழுக்கானது. ஊரில் எனக்குப் புழுக்காரி என்று பெயர் வைத்தார்கள். பெண்ணைப் படிக்க வைத்ததற்கு இதுதான் பலனா என்று டீக்கடையில் ஒருவர் அப்பாவிடம் கேட்டாராம். அப்பா ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். கேட்டவரை விட அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது.

உப்பு செய்த தப்புக்குப் புழுவின் மேல் பழி போட நான் விடவில்லை. சமைப்பதற்கு முன் நறுக்கிப் போடும் காய்கறித் தோலை மட்டும் தனியாக எடுத்துவைக்கும்படி கேன்டீனில் சொன்னேன். எச்சம் இறுகியது. முட்டை சுத்தமாக வந்தது, கவிச்சையும் இல்லை.

அதற்குள் விஷயம் கும்மிடிப்பூண்டி வியாபாரியின் காதுக்குப் போய்விட்டது. எங்கள் முட்டை முழுவதையும் எடுப்பவர் அவர்தான். அவர் நிறுத்தினால் கொட்டகையை மூட வேண்டியதுதான். வந்தவர் ஒரு முட்டையை உடைத்தார், மோந்து பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை.

"நல்லாத்தாம்மா கீது. புழுன்னு மட்டும் வெளிய சொல்லாத. யாராவது கேட்டா சோயான்னு சொல்லிக்கினு போ. எதுக்கு பேஜாரு?"

சரியென்று சொல்லிவிடு என்பதுபோல் அப்பா என்னைப் பார்த்தார்.

"நாட்டுக்கோழி முட்டைன்னா கூட வெல குடுத்து வாங்குறீங்களேண்ணா, அது குப்பையக் கெளறி இன்னா துன்னுது, பிரியாணியா?"

அவர் சிரித்துவிட்டார். கேட்பவர்களிடம் புழு என்றுதான் சொல்வேன் என்றேன். சிரிப்பு நின்றது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, ட்ரே எதையும் ஏற்றாமலே வண்டியை எடுத்தார்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மறுநாள் காலையில் மொபெட்டில் ட்ரேக்களைக் கட்டி, என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி, நேராக அதே டீக்கடைக்குப் போனார். அன்று கேட்டவரும் அங்கே இருந்தார். அவர் முன்னால் அப்பா ட்ரேக்களை இறக்கினார்.

"என் பொண்ணு புழு போட்டு வளக்குற கோழியோட முட்டை. வேணும்னா எடு, வேணான்னா வுடு."

அன்று போனது ஒரே ஒரு ட்ரே. டீக்கடைக்காரர் ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டார். வியாபாரி இன்னும் வரவில்லை. ஆரம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில், கம்பெனி வேலை முடிந்து இறங்குபவர்களிடம் நாங்களே விற்கிறோம். கோழிக்கு என்ன தீனி என்று கேட்டால், நான் வாய் திறக்கும் முன் அப்பாவே சொல்லிவிடுகிறார்.