பூஜ்யம் புள்ளி அறுபத்தெட்டு

அலுவலகத்தில் அவருக்குப் பூஜ்யத்தார் என்று பேர். பேர் வைத்தவர்கள் ஒன்றும் சும்மா வைக்கவில்லை. பகலெல்லாம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் சொந்தமாக ஒரு மென்பொருளைச் சீராட்டிக்கொண்டிருப்பார். கணினித் திரையில் இருப்பதைக் கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. 0.1 என்று தொடங்கி, பத்து வருடங்களுக்கு மேலாக வெளியிட்டு வெளியிட்டு 0.68 வரை வந்துவிட்டார். புள்ளிக்கு முன்னால் இருக்கும் பூஜ்யம் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நித்திய கண்டம், பூரண ஆயுசு என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி என்று தெரியாத்தனமாகக் கேட்டவர்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால், இது இன்னும் வேகவில்லை, நாளைக்கே எதை வேண்டுமானாலும் மாற்றுவேன் என்று அர்த்தம். 1.0 என்று போட்டுவிட்டால் அது வாக்கு. ஜனங்கள் பழகிப்போன ஒன்றை அதற்குப் பிறகு மாற்றினால், புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்ணையே கூட்டி, 2.0 என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அந்த வாக்கைக் கொடுக்கப் பூஜ்யத்தாருக்குப் பயம். பயத்துக்கு நேர்மை என்று பேர் வைத்துக்கொள்வது நமக்கெல்லாம் கைவந்த கலை. அவரும் அப்படித்தான் வைத்திருந்தார்.

மற்றவர்கள் எப்படி எண் வைக்கிறார்கள் என்று தோண்டித் துருவுவதில் அவருக்குத் தனி ஆசை. சிலர் வெளியிட்ட வருடத்தையும் மாதத்தையுமே எண்ணாக்கிவிடுகிறார்கள். சிலர் போட்டியாளரை எட்டிப் பிடிக்க நடுவில் சில எண்களைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒரு மென்பொருளோ, வட்டக் கணக்கில் வரும் ‘பை’ (π) என்ற எண்ணின் மதிப்பில் ஒவ்வொரு இலக்கமாகச் சேர்த்துக்கொண்டு, என்றைக்குமே போய்ச் சேர முடியாத ஓர் எண்ணை நோக்கிப் போகிறது. இதையெல்லாம் அவர் சாப்பாட்டு மேசையில் விவரிக்கும்போது மனைவி, ஆறிப்போகிறது, முதலில் சாப்பிடுங்கள் என்பார்.

தன் மென்பொருளை அவர் தொடங்கியதே அக்காவுக்காகத்தான். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, இப்போது ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. தனக்கென்று ஒரு மேசை, பேச நாலு பேர் என்று அக்கா தரையில் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மருத்துவமனையின் கணினிப் பிரிவு ஒரு கல்லைத் தூக்கிப் போட்டது. பூஜ்யத்தில் தொடங்கும் எதையும் எங்கள் கணினியில் ஏற்ற மாட்டோம், திங்கட்கிழமைக்குள் 1.0 வராவிட்டால் வேலை இன்னொருவருக்கு என்று சொல்லிவிட்டது.

ஒரே ஓர் எண், மாற்றிப் போட்டால் முடிந்தது என்றார் மனைவி. அது பொய்க் கையெழுத்து மாதிரி, இன்னும் எத்தனையோ பாக்கி இருக்கிறது என்று பூஜ்யத்தார் மென்று விழுங்கினார்.

"அக்கா வேலையைவிட உங்க புள்ளி பெருசா?" என்று கேட்டுவிட்டு மனைவி எழுந்து போய்விட்டார்.

அவருக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை காலையிலேயே அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். 0.68 அக்காவின் கணினியில் எங்கெங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, அதையாவது சரிசெய்துவிட்டு எண்ணை மாற்றலாம் என்பது திட்டம். அக்காவின் விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. காது ஒலிப்பானின் வயரில் இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருந்தது. எந்த வெளியீடு இருக்கிறது என்று ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள் என்றார். அதெல்லாம் இப்போது எதற்கு, முதலில் காபி குடி என்றார் அக்கா. இவர் தானே கையை நீட்டி விசையை அழுத்தினார். கணினி தன் தட்டையான குரலில் சொன்னது: பூஜ்யம் புள்ளி முப்பத்தொன்று.

பூஜ்யத்தார் முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்தொன்று வெளிவந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து எப்படி என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அக்கா, பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார்.

"முப்பத்திரண்டுல, திரும்பப் படிக்கிற விசையை நீ வேற இடத்துக்கு மாத்திட்ட," என்றார் அக்கா. "நான் பழக்கத்துல பழைய இடத்தைத் தட்டினேன். எல்லாம் மூடிக்கிச்சு. காலையிலேர்ந்து அடிச்சது அத்தனையும் போச்சு. அதுக்கப்புறம் புதுசு போடவே பயம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"அவ்வளவு ஆசையா செய்யறே. எப்படிடா சொல்றது?"

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது வெட்கமாக மாறியது. பழைய விசைகளைத் திருப்பித் தரச் சொல்லி வேறு சிலரும் எழுதியிருந்தார்கள். புதுமை பிடிக்காத ஜனங்கள் என்று அவர்களை ஒதுக்கித் தள்ளியது நினைவுக்கு வந்தது. நான் பூஜ்யம் என்றுதானே போட்டிருந்தேன், எச்சரிக்கை கொடுத்திருந்தேனே என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். வாதம் நிற்கவில்லை. அவர் வாக்குக் கொடுக்காவிட்டால் என்ன, அக்கா அதை நம்பித்தானே பிழைத்துக்கொண்டிருந்தார்?

கொஞ்ச நேரம் வேலை செய்துகாட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவின் விரல்கள் ஓடின. எந்த விசைக்கும் அவை தயங்கவில்லை, தேடவில்லை. தான் எழுதிய மென்பொருளை ஒருவர் உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை அத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் விசைகளையெல்லாம் முப்பத்தொன்றில் இருந்தபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். தான் பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசையைக் கலைக்க மனமே வரவில்லை, ஆனாலும் கலைத்தார். அதற்குப் பழகியவர்களும் இருப்பார்களே என்று, வேண்டுகிறவர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ள அதை ஓர் ஓரத்தில் வைத்தார். இடையில் செய்த பிழைத்திருத்தங்கள் மட்டும் அப்படியே இருந்தன. எண் இருக்கும் இடத்தில் 1.0 என்று அடித்தார். மருத்துவமனைக்கு அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணினியிலும் ஏற்றினார்.

அக்கா கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"இதுல என்னத்த மாத்தியிருக்க?"

"எதையும் மாத்தலக்கா. இனிமே சொல்லாம மாத்தவும் மாட்டேன்."

அக்கா விரலை எடுத்து விசைப்பலகையில் வைத்து, ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொல்லித் தட்டினார். படித்தது. இன்னொரு தடவை தட்டினார். அதையும் படித்தது.

"அப்போ அந்த முப்பத்தொண்ணை அழிச்சிடுடா," என்றார்.