சார் நம்பர்

"2008 நவம்பர், சனிக்கிழமை. மேல வீதி. இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று. டியூபுலர் பேட்டரி. 'சார் சரின்னுட்டாரு.'"

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை, பஸ் தாமதம், கத்திரிக்காய் விலை என்று எதையும் விடாமல் எழுதுகிறவள் நான். அன்று அதற்குமேல் எழுத வரவில்லை. என் கணவர் இறந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது.

சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு கடலூரில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மின்வெட்டு கடுமையாக இருந்த வருடம். மகள் பிளஸ் டூ. அவள் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் குனிந்து படிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இன்வெர்ட்டர் வாங்க முடிவு செய்தேன். அவர் போன பிறகு வீட்டுக்கு நானாகத் தேர்ந்தெடுத்து வாங்கும் முதல் பெரிய பொருள். அலுவலகத்தில் விசாரித்து, டியூபுலர் பேட்டரிதான் நீடித்து உழைக்கும் என்று தெரிந்துகொண்டு போனேன். பில் என் பெயரில் இருக்க வேண்டும் என்றும் நினைத்திருந்தேன்.

கடைக்காரர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"சார் வண்டிய நிறுத்திட்டு வராரா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

எங்கள் ஊரில் கடைக்காரர்களின் கண் முதலில் நெற்றிக்குத்தான் போகும். கணவர் போனதும் பொட்டை எடுத்துவிடுவது வழக்கம். மகளின் பிடிவாதத்தால் நான் எடுக்கவில்லை. பொட்டு இருந்தால் சார் இருக்கிறார் என்று அர்த்தம்.

டியூபுலர் கேட்டேன்.

"அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு மேடம்? வெயிட்டு ஜாஸ்தி. வூட்டுக்கு இதே போதும்" என்று வேறொன்றைக் காட்டினார்.

எத்தனை ஆம்பியர், வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நுழைந்த ஒருவரிடம், "வா மச்சான், உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மேடம் ஏதோ கேக்குறாங்களே" என்றார் வந்தவர்.

"பரீட்சைக்குப் படிச்சிட்டு வந்திருக்காங்க மச்சான். வெல என்னான்னு இன்னும் கேக்கல, ஆம்பியர் கேக்குறாங்க."

இருவரும் சிரித்தார்கள்.

நான் கேட்டதைக் கொடுங்கள் என்றேன்.

"குடுக்கலாம் மேடம். நாளைக்கு சார் வந்து, 'இத ஏன் அவுங்க தலையில கட்டுன'ன்னு சண்டைக்கு நிப்பாரு. எத்தன பாத்துட்டேன். சார் நம்பர் சொல்லுங்க, ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் கடைக்காரர் பார்வை மறுபடி என் நெற்றிக்குப் போகும். எண்ணைச் சொன்னேன்.

அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். ஆனால் அவ்வப்போது கூப்பிட்டுப் பார்ப்பேன். உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த ஒரு பெண்குரல் வரும். அதை முழுக்கக் கேட்டுவிட்டு வைப்பேன். கடைசியாகக் கேட்டது அந்த வருடம் ஆயுதபூஜை விடுமுறையில். அந்தக் குரலை இவரும் கேட்கட்டும், கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

"சார், வணக்கம் சார். மேடம் நம்ம கடையில இன்வெர்ட்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க..."

கொஞ்ச நேரம் கேட்டார். தலையாட்டினார். "சரி சார். சரி சார்." போனை மேஜைமேல் வைத்தார்.

"சார் சரின்னுட்டாரு. 'அவுங்க கேக்கறதையே குடுங்க'ன்றாரு."

என் கணவர் துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் வாசலோரம் நின்றபடி சொல்வது அதைத்தான். எந்தக் கணவரும் சொல்லக்கூடியதுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

"யார் பேசினாங்க?"

"என்னா மேடம், ஒங்க வூட்டுக்காரரு கொரல எங்கிட்ட கேக்குறீங்க?"

நாற்காலிக்காரர் மறுபடி சிரித்தார்.

பில்லில் 'திரு' என்று எழுதிவிட்டுத்தான் பெயர் கேட்டார். என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என் கணவர் பெயர்.

மறுநாளே விளக்கு எரிந்தது. மகள் நன்றாகப் படித்தாள். கடையில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை.

2010இல் ஒரு நாள், நான் கூப்பிடாமலே கடையிலிருந்து மெக்கானிக் வந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். யார் அனுப்பியது என்று கேட்டேன். "மொதலாளி, சார் நம்பருக்கு போன் போட்டாராம். 'வூட்ல அவுங்க இருப்பாங்க, போய்ப் பாருங்க'ன்னாராம் சார்" என்றார். காப்பி கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டவர், "கடலூர்ல இருக்கேன்னாராம், சார் அங்கயே தங்கிட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

2012இல் மேல வீதியில் அந்தக் கடை இல்லை. அதே இடத்தில் செருப்பு விற்றார்கள். கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

கடைக்காரர் அன்று வெறும் போனைக் காதில் வைத்து நடித்திருக்கலாம். எண் வேறொருவர் கைக்குப் போய், அவர் தொல்லை விட்டால் சரி என்று பேசியிருக்கலாம். சரிபார்ப்பது சுலபம்; எண் எனக்கு இன்னும் மனப்பாடம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் அதைக் கூப்பிடவில்லை. மறுமுனையில் பேசியது யார், யாராவது பேசினார்களா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.