ஜீப்பின் வாயில் கட்டிய துணி

என் வீட்டுக்காரர் விட்டுப்போனது பெரிய பெட்ரோல் ஜீப் ஒன்றைத்தான். நின்றுபோன டெம்போக்களைக் கட்டி இழுக்கிற வண்டி. அவர் இறந்த பிறகு, நான் வைத்த டிரைவர் ஓட்டுகையில் ஆண்டாப் ஹில் மேட்டில் அது திணறியது. விற்றுவிடச் சொன்னான் சான்பாடாவில் இருக்கும் மகன். விற்றால், வண்டி கேட்டு என் வாசலுக்கு யார் வருவார்கள்?

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாயின் வாயில் இருந்த துணியைக் காட்டினார்.

“யாரு ஆச்சி இதக் கட்டுனது? மூச்சு விட்டாத்தான வண்டிக்கு இழுக்குற ஜோர் வரும்?”

பக்கத்துக் குயவர் சூளைப் புகை உள்ளே போகக் கூடாதென்று என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டிய சாரத்தைக் கிழித்து நான்தான் கட்டியிருந்தேன்.

“டிரைவர் வேலையா இருக்கும்” என்றேன்.

அவிழ்த்ததும் வண்டி மேடேறி, சரக்கு டெம்போ ஒன்றை இழுத்து வந்தது. நான் அந்தக் கறுத்த துணியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். என் சேலைக்குப் பக்கத்தில் அவர் துணி காய்ந்து வெகுநாளாகியிருந்தது.