வீட்டைச் சுற்றிய வெள்ளை நூல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்குப் போக வேண்டியது போய்விட்டது. இது மே சரியாங் என்ற மலையூரில், என் சொந்த வீட்டில், மழைக்கால வியாழக்கிழமை ஒன்றில் நடந்தது. நள்ளிரவு இல்லை. மத்தியானம் 2.10.

நான் மலைப்பாதையில் பயணிகள் வண்டி ஓட்டுபவன். மூன்று வருடமாக என் கழுத்தில் ஒரு தாயத்து தொங்கியது. துர்மரணம் அடைந்த யாரோ ஒருவரின் நெற்றி எலும்பு. லாவா மலையினத்துப் பூசாரி அதில் ஆவியை இறக்கினார். ஒரு பிக்கு அதன்மேல் பாலி மொழி மந்திரம் எழுதி, ஓதிக் கொடுத்தார். பிரேக் பிடிக்காத வண்டியில் இரண்டு முறை உயிர் தப்பினேன். அதை விடுவேனா?

பூசாரி ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்.

"தினம் சாயங்காலம் அவிச்ச முட்டையும் சாராயமும் வாசலுக்கு வெளிய வை. அது வெளிய போய்த்தான் சாப்பிடணும். உள்ள சாப்பிடப் பழக்கிடாத."

என் மனைவி சேங்லாவுக்கு அந்த எலும்பைக் கண்டாலே ஆகாது. எட்டு வருடம் காத்திருந்து உண்டான கர்ப்பம். ஏழாம் மாதத்தில் அவள் அழுதபோது, ஆற்றில் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். அரிசிப் பெட்டிக்குள் ஒளித்தேன். வெளியே வைக்கும் முட்டை நிலத்து ஆவிக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் அண்ணன் கம்பான் கோயிலிலிருந்து ஓதிய வெள்ளை நூலோடு வந்தார். பிரசவம் வரை எந்த ஆவியும் தாண்டக் கூடாதென்று வீட்டைச் சுற்றிக் கட்டுவது எங்கள் வழக்கம்.

"என்ன மாப்ள, நூலைப் பாத்ததும் முழிக்கிற? பேயே நீதானா?"

"போங்க மச்சான். குடுங்க இப்படி."

நானே கட்டினேன். மறுத்தால் பொய் அம்பலமாகிவிடுமே என்ற பயம். எலும்பு உள்ளே. சாப்பாடு வெளியே. நடுவில் நூல்.

சாராயம் தினமும் ஒரு விரற்கடை குறைந்திருக்கும். புதன்கிழமை காலையில் பார்த்தேன். குறையவில்லை. வியாழனும் அப்படியே.

அன்று மத்தியானம் நல்ல மழை. சேங்லா பாயில் அரைத்தூக்கத்தில் கிடந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

2.10. அரிசிப் பெட்டியின் மூடி... டக்.

2.12. ஈரக்கால் நடக்கும் சத்தம். சுவரோரமாகவே நடந்தது. மூலைக்கு மூலை நின்றது... திரும்பியது. வழி தேடியது.

பிறகு பாயருகே வந்து நின்றது.

மடக்... மடக்...

எச்சில் விழுங்கும் சத்தம்.

நூலை அறுத்திருக்கலாம். அவளை எழுப்பித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். நான் வாசலில் குனிந்து, நூலுக்கு அடியில் நுழைந்து, தனியாக வெளியே ஓடினேன். கோழை. கேவலமான கோழை.

மழையில் நின்றேன்.

பதினோரு நிமிடம்.

2.25. சத்தம் இல்லை. உள்ளே போனேன். சேங்லா தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

மாலையில், குழந்தை அசையவே இல்லை என்றாள். மருத்துவமனையில் நர்ஸ் மூன்று முறை கருவியை வைத்துப் பார்த்தாள்.

துடிப்பு இல்லை.

எதனால் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. தாயத்தை ஆற்றில் வீசினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, அவளே என்னைத் தேற்றினாள்.

"ஏங்க, உங்க மேல என்ன தப்பு? அன்னிக்கு மத்தியானம்கூட என்னை விட்டு நகரலையே. பக்கத்துலயே உக்காந்து வயித்தைத் தடவிக்கிட்டே இருந்தீங்க. கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் மேலும் சொன்னாள்.

"'இது எனக்கா?'ன்னு கேட்டீங்க. எனக்குக் கண்ணைத் திறக்கவே முடியல. 'உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு... எடுத்துக்கோங்க'ன்னு சொன்னேன்."