பன்னிரண்டாம் அறையின் மஞ்சள் அட்டை

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றை மட்டும் எந்த டாக்டருக்கும் சளைக்காமல் பயன்படுத்துவாள். ஐசோலேட். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அந்தச் சொல் தனியாக நடமாடாது, ‘பண்ணு’ என்பதைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும். தொற்று இருக்கும் என்று சந்தேகப்பட்டால் நோயாளியைத் தனி அறையில் வைத்து ஐசோலேட் பண்ணுவார்கள். கோள் சொன்ன ஆயாவையும், “இன்னிக்கு அவள ஐசோலேட் பண்ணுங்கடி” என்று சாப்பாட்டு வேளையில் ஒதுக்கி உட்காரவைப்பார்கள். வீட்டில் அவள் புருஷன்கூட இரண்டு தும்மல் வந்தால், “என்னை ஐசோலேட் பண்ணிடாத தாயே” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு தானாகவே கூடத்துக்குப் போய்விடுவான்.

இருபத்தொரு வருஷமாக அவள் அங்கே ஆயா. தொற்று அறைகளின் கதவில் மஞ்சள் அட்டை தொங்கவிடுவதும், டாக்டர் சொன்னதும் கழற்றுவதும் அவள் பொறுப்பு. அதனால் ‘அட்டை அக்கா’ என்று பெயர். ஒட்டிக்கொண்டால் விடமாட்டாள் என்று அதற்கு இன்னொரு விளக்கமும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அட்டை தொங்கும் அறைக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. மேலங்கி, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டி, வெளியே வந்ததும் கழற்றிக் குப்பையில் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆகவே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அந்த அறைக்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை போனால் போதும், இடையில் மணி அடித்தால் யாரும் ஓட வேண்டியதில்லை. பார்க்க வருகிறவர்கள் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

பன்னிரண்டாம் அறையில் ஒரு லாரிக்காரர் இருந்தார். ஓட்டுவதை நிறுத்திப் பல வருஷமாகியும் ஹாரன் அடிக்கிற பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. மணியை அழுத்தினால் விரலை எடுக்கமாட்டார். ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு, மணி என்ன, மழை வருமா. மனைவி போய்ச்சேர்ந்து நான்கு வருஷம். பேச ஆளில்லாத மனுஷன். இருமலோடு வந்தவரை, சளிச் சோதனை முடிவு வரும்வரை ஐசோலேட் பண்ணியிருந்தார்கள். அந்த ஆறு நாளும் அவளுடைய முழங்கால் வலிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. “ஒண்ணும் இல்லையாம். அவர்கிட்டயும் சொல்லிட்டேன், இனிமே யாரு வேணா வந்து பாக்கலாம்னு. அட்டைய எடுத்துடுங்கக்கா” என்று நர்ஸ் சொல்லிவிட்டு, விடுமுறைக்குக் கிளம்பிப் போனாள்.

அட்டை அக்கா பன்னிரண்டாம் அறை வாசல்வரை போனாள். உள்ளேயிருந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. அட்டையில் கை வைத்தாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது. எடுத்தால் இந்த நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஓட வேண்டும். திங்கட்கிழமை எடுத்துக்கொண்டால் என்ன, யார் செத்துப்போகப் போகிறார்கள்? கையை எடுத்துக்கொண்டாள். சனி, ஞாயிறில் பெரிய டாக்டர்கள் வருவதில்லை. மாற்று நர்ஸ் ஃபைலைப் படிக்கமாட்டாள், கதவைத்தான் படிப்பாள்.

அன்று சாயங்காலம் முகமூடியோடு உள்ளே போனபோது லாரிக்காரர் கேட்டார். “எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னாங்களே, இன்னும் எதுக்கும்மா இந்த வேஷம்?”

“அது எங்க ரூல் சார்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, லாரிக்காரரின் அண்ணன். பக்கத்து வீட்டுக்காரர் தகவல் சொன்னாராம். இரண்டு நாள் ரயிலில் வந்திருக்கிறார். வீட்டில் மனைவி படுத்த படுக்கை. மத்தியான வண்டியிலேயே திரும்பியாக வேண்டும்.

“உள்ள போகக் கூடாது சார். ஐசோலேட் பண்ணியிருக்கு” என்றாள். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

“ஒன்பது வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்லம்மா. தப்பு என் மேலதான். அத அவன் கையப் புடிச்சுச் சொல்லணும்.”

“போன்ல பேசுங்களேன்.”

“என் நம்பரப் பாத்தா எடுக்கமாட்டான். எத்தன தடவ அடிச்சுட்டேன். நீ எனக்கு மக மாதிரி. ஒரே நிமிஷம், முகமூடி போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்துடறேன்.”

அப்போதாவது அட்டையைக் கழற்றியிருக்கலாம். ஆனால் கூடாது என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன வாயால், போங்கள் என்று எப்படிச் சொல்வது? ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்பாரே, மாற்று நர்ஸ் நிமிர்ந்து பார்ப்பாளே. “பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாம முடியாது சார்” என்றாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது.

பெரியவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தடித்த கண்ணாடி, பேசினால் கேட்காது. உள்ளே லாரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அவர் முகம் ஒரு கணம் குழந்தை முகம்போல் ஆனது. ‘வா’ என்று கையசைத்தார். அண்ணன் தலையை ஆட்டி, கதவில் தொங்கிய அட்டையைச் சுட்டிக்காட்டினார். உள்ளேயிருப்பவருக்கு அட்டை தெரியாது. லாரிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் இன்னும் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியில் படிந்த கைரேகையைத் தோள்துண்டால் துடைத்துவிட்டுப் போனார்.

அன்று அந்த அறையிலிருந்து மணியே அடிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் அவள் முதல் வேலையாக அட்டையைக் கழற்றினாள். முகமூடி இல்லாமல் உள்ளே போனாள்.

“அட, உனக்கு மூக்கு வாயெல்லாம் இருக்கா?” என்றார் லாரிக்காரர். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. “நேத்து எங்கண்ணன் வந்தான், பாத்தியா? வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வரல. நோய் ஒட்டிக்கும்னு பயம். வெளியவே நின்னுக்கிட்டு அந்தப் பக்கமா கைய வேற காட்டுறான். கிளம்புறேன்னு அர்த்தமாம். ஒன்பது வருஷம் கழிச்சு இப்படி வேடிக்க பாக்கவா வரணும்? செத்தாலும் அவனுக்குச் சொல்லாதேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிடப்போறேன்.”

அவள் பழைய தலையணை உறையைக் கழற்றத் தொடங்கினாள்.

“நீ யாரோ எவரோ. ஆனா பயப்படாம வந்து போயிட்டிருக்க பாரு. நீ நல்லாயிருக்கணும்மா.”

அந்த வாழ்த்து அவளைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. பேசாமல் உறையை மாற்றிவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இந்த மனுஷன் தன் அண்ணனைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தபடியே வீட்டுக்குப் போவார். அப்படியே ஒருநாள் போயும் சேருவார்.

“அவர் பயப்படல சார்” என்றாள். “நான்தான் விடல.”

எல்லாவற்றையும் சொன்னாள். முழங்காலையும் மணியையும் சொன்னபோது, அவை எவ்வளவு அற்பமான காரணங்கள் என்று அவள் காதுக்கே கேட்டது. லாரிக்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெத்தைக்கடியில் துழாவிப் போனை எடுத்தார். ஒரு நம்பரைத் தேடி அழுத்தி அவள் கையில் கொடுத்தார்.

“நான் சொன்னா நம்பமாட்டான். நீயே சொல்லு.”

அண்ணன் இன்னும் ரயிலில்தான் இருந்தார். “தம்பியா?” என்றார்.

“இல்ல சார், நான் ஆஸ்பத்திரி ஆயா. அது... அட்டைய எடுக்க மறந்துபோச்சு...”

“என்னம்மா? வண்டி சத்தம், காதுல விழல!”

“சனிக்கிழமையே எடுக்கச் சொன்னாங்க சார். நான் எடுக்கல!”

“எதை? கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா! தம்பிக்கு என்ன ஆச்சு?”

கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே பக்கெட்டோடு போன இரண்டு ஆயாக்கள் நின்றுவிட்டார்கள். விடுமுறை முடிந்து வந்த நர்ஸ் மேஜையிலிருந்து எழுந்தாள். அட்டை அக்கா ஒரு கையால் மறுகாதைப் பொத்திக்கொண்டாள்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல சார்! நேத்து நீங்க உள்ள போயிருக்கலாம்! நான் பொய் சொல்லிட்டேன்! எனக்கு வேல மிச்சமாகும்னு உங்களப் பொய் சொல்லி நிறுத்திட்டேன்!”

 “அவன்கிட்ட குடு” என்றார் பெரியவர்.

அவள் போனைக் கொடுத்தாள். லாரிக்காரர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், கதவைச் சாத்தச் சொல்லிக் கையசைத்தார். சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே நர்ஸ் நின்றிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டிருந்தது.