ஒரு வீட்டுக்கு மூன்று அழைப்பு

மாகாணத் தேர்தலுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதற்கு முன், எங்கள் தொகுதியில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும். மூன்று பேர் போட்டியிட்டார்கள்: ஒரு சட்டத்தரணி, வீடு விற்கும் முகவர் ஒருவர், வெக்ஸ்போர்ட் பகுதியில் பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் என் அம்மா.

மற்ற இருவருக்கும் வேலை செய்ய ஆட்கள் இருந்தார்கள். அம்மாவுக்கு நான். மார்க்கம் நகரில் தரவுத்தளங்களோடு வேலை செய்கிறவள். எனக்குத் தெரிந்த உதவி பட்டியல் போடுவது. தமிழ் உறுப்பினர்களைக் குடும்பப்பெயர்படி அடுக்கினேன். குடும்பத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் அழைப்பு.

சனிக்கிழமை காலை அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசத் தொடங்கினார். ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் எடுத்து, சட்டத்தரணிக்குத்தான் போடுவேன் என்றார். அரை மணியில் வேறொரு குடும்பப்பெயர், வேறொரு வரி. எடுத்தவர் சிரித்தார்.

"அக்கா, இப்பத்தானே அப்பாவோட கதைச்சனீங்கள். எங்கட வீட்டில சென்சஸோ எடுக்கிறியள்?"

எனக்கு முகம் சூடாகியது. எங்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் குடும்பப்பெயர். மனைவிக்கோ கணவனின் பெயர். மாமனார், மகன், மருமகள் இருக்கும் வீட்டில் மூன்று குடும்பப்பெயர்கள். எங்கள் வீட்டிலேயே அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கும் எனக்கும் இன்னொன்று. தெரிந்திருந்தும் வேலையிடப் பழக்கத்தில் அடுக்கிவிட்டேன். தொலைபேசி எண்களை ஒப்பிட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும்.

"நிப்பாட்டுங்கோ அம்மா. லிஸ்டைத் திருத்தித் தாறன்."

அம்மா கேட்கவில்லை. அந்த வீட்டின் மூன்றாவது வரி வந்ததும் அதே எண்ணை அழுத்தி, மருமகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். வாங்கியவர் கேட்டார்:

"இவரோட கதைச்சிட்டியள்தானே அக்கா?"

"அவர் தன்ர வோட்டைச் சொன்னவர். நான் உங்கட வோட்டைக் கேக்க எடுத்தனான்."



"மற்ற ரெண்டு பேரும் வீட்டில எத்தினை வோட் எண்டு இவரிட்டத்தான் கேட்டவை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. என்ர மகள் உங்கட பஸ்ஸிலதான் போறவள். நான் வோட் போட வாறன் அக்கா."

அதன் பிறகு நான் பட்டியலைத் தொடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அம்மா அழைத்தார்.

வாக்களிப்பு நாளில் அந்தப் பெண் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்தார். கணவர் தகப்பனோடு வேறு காரில் வந்து, வரிசையில் பின்னால் நின்றார்.

"உவர் வேற கட்சி போல," என்றார் கூட வந்த பெண்களில் ஒருவர்.

"ஒரே கட்சிதான். ஆள்தான் வேற," என்றார் மனைவி. கணவரும் சிரித்துவிட்டார்.

முகவர் முதல் சுற்றில் வெளியேறினார். இரண்டாம் சுற்றில் வென்றவர் என்று அம்மாவின் பெயரை வாசித்தார்கள். வேலைக்குப் போடும் அதே கறுப்புச் சப்பாத்தோடு அவர் மேடையேறியபோது, எனக்குக் கை தட்ட மறந்துபோனது. நெஞ்சு நிறைந்திருந்தது.

இப்போது மாகாணத் தேர்தலுக்காக முழுத் தொகுதிக்கும் பட்டியல் போடுகிறேன். இந்த முறை ஆளுக்கு ஒரு வரி. முதல் வரியில் அப்பா. அவர் யாருக்குப் போடுவார் என்று அம்மா இன்னும் கேட்கவில்லை; முறைப்படி தொலைபேசியில் எடுத்துத்தான் கேட்பாராம்.